ஒரே பேஸ் கிடாரில் மூன்று ஃபிளாட்வவுண்ட் செட்

பேஸ் கிடாரின் தடித்த ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி மீட்டினால் ட்யூனரின் முள் இப்போது நடுவில் நிற்கிறது. கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளக்கட்டையான நட்டை அராவியது, கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகியது, மறுமுனையில் தந்தியைத் தாங்கும் சேடிலை ஏற்றி இறக்கியது எல்லாம் கடைசியில் இந்த ஒரு ஸ்வரத்தில் வந்து முடிந்தன. வேலை முடிந்த சூட்டோடு அளவுகளையும் எழுதி வைத்துவிடுகிறேன். பேஸ் கிடாருக்கு ஃபிளாட்வவுண்ட் (தட்டைப் பட்டை சுற்றிய) தந்தி வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு இது உதவக்கூடும்.

மாட்டிப் பார்த்தவை மூன்று செட்டுகள். டாடாரியோ குரோம்ஸ் 45-65-80-100. தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃபிளாட்ஸ் 43-56-70-100. லா பெல்லா டீப் டாக்கிங் பேஸ் 45-65-85-105. இந்த எண்கள் தந்தியின் தடிமன். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. மெல்லிய ஜி தந்தியிலிருந்து டி, ஏ வழியாகத் தடித்த ஈ தந்தி வரை அந்த வரிசையில்தான் எல்லாரும் சொல்வார்கள்.

கிடார் பிரிசிஷன் பேஸ் வகை. தந்தி நீளம் 34 அங்குலம், 20 ஃப்ரெட், ரோஸ்வுட் விரல்பலகை, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்றே, அதுவும் இரண்டாகப் பிளந்தது. தந்திகள், சேடில்கள் உள்ள பிரிட்ஜின் பின்பக்கத்திலிருந்து நுழைகின்றன. மரத்தைத் துளைத்துப் பின்புறத்திலிருந்து வருவதில்லை. ஃபிளாட்வவுண்ட் வாங்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும். உடலைத் துளைத்து வரும் கிடாருக்குத் தந்தி இன்னும் நீளமாக வேண்டும். அந்த இடத்தில் வளைவும் கூர்மையாக இருக்கும். விறைப்பான ஃபிளாட்வவுண்ட் தந்திக்கு அந்த வளைவு ஆகாது.

இத்தனை நாள் ரவுண்ட்வவுண்ட்தான் போட்டிருந்தேன். நடுக்கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பி சுற்றினால் ரவுண்ட்வவுண்ட். தட்டையான பட்டைக் கம்பி சுற்றினால் ஃபிளாட்வவுண்ட். சென்னை வெயிலில் ரவுண்ட்வவுண்டின் பளபளப்பான ஒலி மூன்று மாதம் தாங்கினாலே அதிகம். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையிலுள்ள பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் போய் அடைந்துவிடுகின்றன. அதைவிட எனக்கு உறைத்தது ஃப்ரெட்டின் நிலை. ஜி தந்திக்குக் கீழே ஐந்தாம், ஏழாம் ஃப்ரெட்டுகளில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி அரம் போல வேலை செய்துவிட்டது. ஃப்ரெட்டை மாற்றும் செலவை இன்னும் சில வருடங்கள் தள்ளிப்போட ஃபிளாட்வவுண்ட் நல்ல வழி.

ஒலிக்காகவும்தான். 1960களில் டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசை நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதில் இருந்தது லா பெல்லாவின் தடித்த ஃபிளாட்வவுண்ட். அறுந்தால் ஒழிய அவர் தந்தியை மாற்றியதில்லை. அந்தப் பதிவுகளில் பேஸ் பாடலின் அடியில் ஓடிக்கொண்டே பாடவும் செய்யும். நம் பக்கம் இளையராஜாவின் 1980களின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல்லவிக்குக் கீழே இன்னொரு மெட்டு நடப்பதைக் கேட்டுத்தான் பலர் இந்த வாத்தியத்தையே கையில் எடுத்தோம். அவர் ஒலிப்பதிவுகளில் எந்தத் தந்தி இருந்தாலும், அந்த நடையை வீட்டில் வாசித்துப் பழக உருண்டையான, விரல் சத்தம் இல்லாத ஒலி வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஃபிளாட்வவுண்ட் என்றாலே மந்தமான ஒலி என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஏற்பதில்லை. அயர்ன் மெய்டன் மெட்டல் குழுவின் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் ரோட்டோசவுண்ட் ஃபிளாட்வவுண்டில்தான் வாசிக்கிறார். அவர் பெயரில் வரும் செட் 50-75-95-110. அந்த ஒலியை யாரும் மந்தம் என்று சொல்ல முடியாது.

முதலில் கருவிகள். புதுப்பேட்டையில் உதிரிபாகக் கடையில் வாங்கிய ஃபீலர் கேஜ் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி), அரை மில்லிமீட்டர் கோடு உள்ள ஆறு அங்குல இரும்பு ஸ்கேல், ட்ரஸ் ராடுக்கும் சேடிலுக்கும் ஆலன் கீ, நல்ல கூர்மையான கட்டிங் பிளேயர், கேப்போ (தந்திகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி), ட்யூனர், 1000 நம்பர் உப்புத்தாள், பழைய வேட்டித் துணி. ஃபீலர் கேஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கண்ணால் பார்த்து நெக்கின் (கழுத்தின்) வளைவைச் சொல்வது அனுபவம் உள்ளவர்களுக்கே தவறிப்போகும்.

பழைய தந்திகளைக் கழற்றும் முன்பே அளவெடுத்துக்கொண்டேன். முதல் ஃப்ரெட்டில் கேப்போ, கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்தி, எட்டாம் ஃப்ரெட்டுக்கும் ஈ தந்தியின் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்தால் நெக்கின் வளைவு தெரியும். 0.30 மி.மீ. இருந்தது, இந்த வகை நெக்குக்கு அது சரியான அளவு. 17ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 2.0 மி.மீ. இவைதான் என் தொடக்கப் புள்ளிகள்.

முதலில் குரோம்ஸ் மாட்டினேன். ஃபிளாட்வவுண்டை மாட்டுவதில் ஒரே ஒரு இடம்தான் ஆபத்து: நறுக்குவது. ரவுண்ட்வவுண்டைப் போல நேராக வைத்து நறுக்கினால் பட்டைக் கம்பி நடுக்கம்பியிலிருந்து நழுவித் தளர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தத் தந்தி உயிரில்லாமல்தான் ஒலிக்கும். ஆகவே தந்தியை அதன் ட்யூனிங் தூணைத் தாண்டிச் சுமார் 11 செ.மீ. வரை நீட்டிப் பிடித்து, அந்த இடத்தில் பிளேயரால் செங்கோணமாக மடிக்க வேண்டும். மடிப்பு கூர்மையாக விழுந்தபின், மடிப்புக்கு அப்பால் ஒரு செ.மீ. விட்டு நறுக்கலாம். மடித்த நுனியைத் தூணின் நடுவிலுள்ள துளைக்குள் இறக்கி, பிளவில் படுத்து, சுற்றுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும்படி சுற்ற வேண்டும். ஈ தந்திக்கு இரண்டு சுற்று, ஜி தந்திக்கு மூன்று.

நுனியைத் துளைக்குள் விடும் முன் தந்தியைத் தொங்கவிட்டு அதன் முறுக்கைத் தானாகக் கழியவிட வேண்டும். முறுக்கோடு மாட்டினால் சுருதி நிலைக்காது, கார்வையும் குறையும். மாட்டி முடித்ததும் சேடிலுக்கு முன்னாலும் நட்டுக்கு முன்னாலும் கட்டைவிரலால் தந்தியை மெல்ல அழுத்திவிட வேண்டும். விறைப்பான தந்தி சேடிலின் மேல் வில்லாக வளைந்து நிற்காமல், அந்த இடத்தில் படிந்து உட்காரும். இதைச் செய்வதற்கு முன்னும் பின்னும் ஈ தந்தியை மீட்டிப் பார்த்தால் வித்தியாசம் காதில் விழும். ஓரத்திலிருந்த மெல்லிய ரீங்காரம் அடங்கிவிடுகிறது.

குரோம்ஸுக்கு நெக்கில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அளந்தபோதும் வளைவு 0.30, 0.32 என்றுதான் இருந்தது. பழைய செட்டும் 45-65-80-100 என்பதால், தடிமன் ஒன்றானால் இழுவையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்று அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டேன். அடுத்த செட்டே அந்தக் கணக்கைக் கலைத்தது.

தோமாஸ்டிக்கின் ஈ தந்தியும் 100தான். ஆனால் அதை மாட்டிச் சுருதி சேர்த்த அன்று மாலையே முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் தந்தி ஃப்ரெட்டில் உரசிக் கரகரத்தது. அளந்தால் நெக்கின் வளைவு 0.12 மி.மீ.க்கு வந்திருந்தது. தந்தியின் இழுவை குறைந்ததும் ட்ரஸ் ராட் நெக்கைப் பின்னால் இழுத்துவிட்டது. வியன்னாவில் செய்யப்படும் இந்தத் தந்தியில் நடுக்கம்பிக்கும் நிக்கல் பட்டைக்கும் இடையே பட்டு இழை வைத்திருக்கிறார்கள். அதே தடிமனில் எடை குறைவு. எடை குறைந்தால் அதே சுருதிக்குத் தேவைப்படும் இழுவையும் குறைவு. ஏ தந்தி வெறும் 70 என்பதும் சேர்ந்துகொள்கிறது. தந்தியைத் தளர்த்திவிட்டு ட்ரஸ் ராடைக் கால் திருகு இடப்பக்கம் தளர்த்தினேன். மீண்டும் சுருதி சேர்த்து, ஒரு இரவு அப்படியே விட்டு, காலையில் அளந்தபோது 0.28. ஒரே சமயத்தில் கால் திருகுக்கு மேல் போகக் கூடாது. மரம் நிதானமாகத்தான் அசையும்.

தளர்ந்த தந்தி அகலமாக வீசி அதிரும். அதனால் ஈ பக்கம் சேடிலைச் சற்று ஏற்றி 17ஆம் ஃப்ரெட்டில் 2.6 மி.மீ. வைத்தேன். இன்னொரு சிக்கல் நட்டில் வந்தது. 80க்கு வெட்டிய பள்ளத்தில் 70 தந்தி உட்கார்ந்ததால் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டும்போது லேசான சலசலப்பு. தந்தியைக் கழற்றி, தூணில் ஒரு சுற்று கூடுதலாக இறக்கிச் சுற்றினேன். தந்தி நட்டிலிருந்து இன்னும் செங்குத்தாகக் கீழிறங்கியதும் பள்ளத்தின் அடியில் அழுந்தி உட்கார்ந்தது, சலசலப்பு நின்றுவிட்டது. பசை, காகிதம் எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாவது லா பெல்லா. மூன்றில் இதுதான் விறைப்பு. இரவு முழுக்க இழுவையில் நின்றபின் வளைவு 0.45 மி.மீ.க்கு ஏறியிருந்தது. தளர்த்திய கால் திருகைத் திருப்பி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் இறுக்கியதும் 0.30க்கு வந்தது. உண்மையான வேலை நட்டில் காத்திருந்தது. ஈ தந்தி 105, ஏ தந்தி 85; பள்ளங்களோ 100க்கும் 80க்கும் வெட்டியவை. இரண்டு தந்திகளும் பள்ளத்துக்குள் இறங்காமல் மேல்விளிம்பில் இடுக்கிக்கொண்டு நின்றன. வெறும் தந்தி சுருதி சுத்தமாக இருக்கிறது. ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் எஃப் ஸ்வரம் வாசித்தால் 18 சென்ட் (அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு இடையிலான சுருதியில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறிக் கேட்கிறது. ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் எல்லாம் சரி. இப்படிக் கீழ் ஃப்ரெட்டுகளில் மட்டும் சுருதி ஏறினால் குற்றம் நட்டில்தான். சேடிலை எவ்வளவு நகர்த்தினாலும் தீராது.

சோதிப்பது சுலபம். மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டர் போதும். எனக்கு 0.8 மி.மீ. இருந்தது.

நட்டுக்கென்று விற்கும் அரங்களின் செட் விலை மொத்தத் தந்திச் செலவையும் தாண்டும். நண்பர் ஒருவர் கழற்றிப் போட்ட 105 ரவுண்ட்வவுண்ட் செட்டிலிருந்து ஈ தந்தியிலும் ஏ தந்தியிலும் ஒரு சாண் நறுக்கி எடுத்துக்கொண்டேன். உருண்டைச் சுற்றின் வரிகளே அரத்தின் பற்கள். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தந்தித் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, ட்யூனிங் தூண்கள் இருக்கும் பக்கம் சற்றுச் சரிவாக இருக்கும்படி இழுத்து இழுத்து அராவினேன். பிளாஸ்டிக் நட் என்பதால் வெள்ளைத் தூள் மெதுவாக வந்தது. பள்ளத்தை அகலப்படுத்துவதுதான் வேலை, ஆழப்படுத்துவது இல்லை. ஆழம் ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. தந்தி அதன் அடியைப் போய்த் தொடவில்லை, அவ்வளவுதான். பத்து இழுப்புக்கு ஒருமுறை தூளை ஊதிவிட்டுத் தந்தியை உட்கார வைத்துப் பார்ப்பேன். ஒரு கட்டத்தில் தந்தி தானாகவே சட்டென்று கீழே இறங்கி உட்கார்ந்தது. உப்புத்தாளை மடித்து உள்ளே இரண்டு இழுப்பு இழுத்து வழவழப்பாக்கியபின் அளந்தேன்: முதல் ஃப்ரெட் இடைவெளி 0.3. எஃப் இப்போது 3 சென்ட்டுக்குள்.

அதன்பிறகு சேடில்களை நகர்த்தி 12ஆம் ஃப்ரெட்டின் சுருதியைச் சேர்த்தேன். ஈ சேடில் மட்டும் சுமார் 2 மி.மீ. பின்னுக்குப் போனது. தந்தி விறைப்பாக இருப்பதால் குறைவாகவே வீசுகிறது. 17ஆம் ஃப்ரெட்டில் 2.2 மி.மீ. வரை இறக்கியும் கரகரப்பு இல்லை.

ஒவ்வொரு செட்டிலும் ஒரே பகுதியை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக நேராகக் கணினியில் பதிந்து வைத்திருந்தேன். டோன் குமிழ் முழுதும் திறந்து ஒருமுறை, பாதி மூடி ஒருமுறை. மாட்டிய மறுநாளும், வாசித்து ஊறியபின் மறுபடியும். காதை நம்பி நினைவில் ஒப்பிட்டிருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும். மாட்டிய நேரத்தில் எந்தத் தந்தியும் பிரமாதமாகத்தான் கேட்கும்.

குரோம்ஸ் தொடக்கத்தில் ஃபிளாட்வவுண்டா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. சில வாரங்களில் அந்த வெளிச்சம் அடங்கி, தெளிவு மட்டும் நின்றது. ரவுண்ட்வவுண்டை விட மனமில்லாதவர்கள் முதலில் இதை வாங்குவது நல்லது. கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் மூன்றில் இதுவே கொஞ்சம் இடம் கொடுக்கிறது.

தோமாஸ்டிக் பாடுகிறது. நடு அலைவரிசைகள் முன்னே வருகின்றன. ஒவ்வொரு ஸ்வரமும் மீட்டியபின் விரிகிறது, கார்வை நீளம். விரலுக்கு மிக இதம். சறுக்கி ஏறி இறங்குவதும் கமகம் போல அசைப்பதும் இதில் மிகச் சுலபம். கைபேசி ஸ்பீக்கரில் கேட்டால்கூடப் பேஸ் காணாமல் போகவில்லை. ஆனால் நான் அழுத்தி மீட்டுகிறவன். வேகமான பகுதியில் ஈ தந்தி என் விரலுக்கு ஈடுகொடுக்காமல் ஆடியது. லேசான கை உள்ளவர்கள் வேறு எதையும் பார்க்காமல் இதையே வாங்கலாம்.

லா பெல்லாவின் ஒலி குறுகி, உருண்டு, நடுவில் விழுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் சரியாக விழுந்த அடி போல. மேலே பாட்டும் கீபோர்டும் இருக்கும்போது யாருடைய இடத்தையும் பிடிக்காமல் தன் இடத்தில் நிற்கிறது. தனியே கேட்டால் தோமாஸ்டிக் அழகு, கூட்டத்தோடு கேட்டால் இது அழகு. பேஸ் கிடாரைத் தனியே வாசிக்கும் நேரம் குறைவு என்பதால் எனக்கு இதுவே முடிவு. டோன் குமிழை முழுதும் திறந்தே வைத்திருக்கிறேன்.

பிரிட்ஜுக்கு முன்னால் தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் செருகிப் பார்த்தேன். பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள் இதற்கென்றே பஞ்சு வைத்திருப்பார்கள். ஜேமர்சனும் அதை எடுக்காமல் வாசித்தவர். 1.5 செ.மீ. தடிமனுள்ள துண்டு தந்தியைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. அழுத்திச் செருகினால் ஜி தந்தி செத்துவிடுகிறது. லா பெல்லாவோடு இது அருமையாகச் சேர்கிறது. தோமாஸ்டிக்கில் செருகுவது வீண்; கார்வைக்காக வாங்கிய தந்தியின் கார்வையை நாமே அடைப்பதாகிவிடும்.

செலவு: குரோம்ஸ் சுமார் 4,300 ரூபாய். லா பெல்லா சுமார் 5,600. ஐரோப்பாவிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த தோமாஸ்டிக் சுமார் 7,800. ஃபீலர் கேஜ், உப்புத்தாள், டேப் எல்லாம் சேர்ந்து 300க்குள். 2,000 ரூபாய் ரவுண்ட்வவுண்ட் செட்டை ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை மாற்றியதோடு ஒப்பிட்டால், பல ஆண்டுகள் உழைக்கும் ஃபிளாட்வவுண்ட் மலிவுதான். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து வைத்தால் போதும்.

இனி இப்படிச் செய்வதானால் சில விஷயங்களை மாற்றுவேன். பாக்கெட்டிலுள்ள தடிமனைப் பார்த்து வாங்க மாட்டேன். தந்திக்குத் தந்தி இழுவிசையைப் பார்ப்பேன். டாடாரியோ அந்த அட்டவணையைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. பழைய தந்தியின் இழுவிசை தெரிந்தால், புதியதற்கு ட்ரஸ் ராடை எந்தப் பக்கம் திருக வேண்டியிருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். தடித்த செட்டைக் கடைசியில் மாட்டியது இந்த முறை தற்செயல். இனி அதையே விதியாக வைத்துக்கொள்வேன். அகலப்படுத்திய பள்ளத்தைத் திரும்பக் குறுக்க முடியாது. லா பெல்லா முதலில் வந்திருந்தால் தோமாஸ்டிக்கின் 70 தந்தி அந்தப் பள்ளத்தில் நிச்சயம் ஆடியிருக்கும். கழற்றிய தந்தியைத் திரும்ப மாட்டுவதானால் பழைய மடிப்பையே பயன்படுத்த வேண்டும். அதே இடத்தில் நிமிர்த்தி மறுபடி மடித்தால் நடுக்கம்பி அறுந்துவிடும்.

கழற்றிய தோமாஸ்டிக் செட்டை அகலமாக வளையம் போட்டு, தந்திக்குத் தந்தி பெயர் எழுதி வைத்திருக்கிறேன். ஃப்ரெட் இல்லாத பேஸ் ஒன்று கைக்கு வரும்போது அதில் ஏறும். ரவுண்ட்வவுண்டைப் போல விரல்பலகையின் மரத்தைத் தின்னாது. லா பெல்லாவில் ஜேமர்சன் பெயரால் வரும் 52-73-95-110 செட் மீதும் கண் இருக்கிறது. அதற்கு இந்த நட்டை இன்னும் அராவப் போவதில்லை. எலும்பு நட் ஒன்று தனியாக வாங்கி, அந்த நான்கு அளவுகளுக்கும் முதலிலிருந்தே பள்ளம் வெட்டி வைத்துக்கொண்டு, பிறகுதான் தந்தி வாங்குவேன்.